தோட்டமும் சட்டமும்: மத்தாப்பு எழுதிய சட்டம்

சென்ற வாரம் மலேசியாவின் 1967-ஆம் ஆண்டுத் தொழிற்சாலை, இயந்திரச் சட்டத்தில் நிறுத்தினோம். கொதிகலனுக்குச் சான்றிதழ் உண்டா, சுழலும் சக்கரத்துக்குத் தடுப்பு உண்டா என்று கேட்ட சட்டம் அது. செரண்டா வட்டாரத்துத் தோட்டங்களில் அதிகாரி கண் வைத்தது ஆலையின் மீதுதான். வெளிக்காட்டில் களைக்கொல்லி அடித்த பெண்ணுக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை.

அந்தச் சட்டத்தின் போதாமையை உலகறியச் செய்தது ஒரு செவ்வாய்க்கிழமை.

1991 மே 7. செரண்டாவுக்குத் தெற்கே, சுங்கை பூலோ. பிரைட் ஸ்பார்க்லர்ஸ் பட்டாசு ஆலையில் பிற்பகல் வேலை நடந்துகொண்டிருந்தது. உணவகத்துப் பக்கம் வெடிமருந்து ஒன்றைக் கொளுத்திச் சோதித்தார்கள். பறந்த பொறி, அருகில் அடுக்கியிருந்த சரக்கில் பற்றியது. மணி மூன்றே முக்கால் வாக்கில் ஆலை வெடித்தது. சுற்றுப்புற வீடுகளின் கூரைகள் பிய்ந்தன, கண்ணாடிகள் நொறுங்கின. 26 பேர் இறந்தார்கள். காயமடைந்தவர்கள் நூற்றுக்கும் மேல்.

அரசு விசாரணை ஆணையம் அமைத்தது. அதோடு கெட்ட காலம் முடியவில்லை. 1992 ஜூனில் கிள்ளான் துறைமுகத்தில் சூன் ஹோங் என்ற எண்ணெய்க் கப்பல் வெடித்தது. இயந்திரத்தை மட்டும் காத்தால் ஆள் பிழைக்கமாட்டான் என்பது கோலாலம்பூருக்கு அப்போது உறைத்தது.

பிரிட்டன் இதை 1972-லேயே பேசியிருந்தது. ராபன்ஸ் பிரபு தலைமையிலான குழு, ஆபத்தை உண்டாக்குகிறவரே அதைக் கட்டுப்படுத்தும் பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்றது. அந்தக் கொள்கையில் உருவான மலேசியச் சட்டம், வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், 1994 பிப்ரவரி 25-இல் நடப்புக்கு வந்தது.

அதற்குப் பல் இருந்தது. ஆபத்து உடனடியானது என்று கண்டால், அதிகாரி தடை அறிவிப்புக் கொடுத்து வேலையை அங்கேயே நிறுத்தலாம். கடமை தவறிய முதலாளிக்கு அன்று 50,000 வெள்ளி வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். 40 பேருக்குக் குறையாத வேலையிடத்தில் பாதுகாப்புக் குழு கட்டாயம். எல்லாவற்றுக்கும் மேலாக, அதன் அட்டவணையில் விவசாயமும் இருந்தது. வெளிக்காட்டுப் பெண் முதல் முறையாகச் சட்டத்துக்குள் வந்தாள்.

ஆனால் சட்டம் கடிக்க வேண்டுமானால் யாராவது வாய் திறக்க வேண்டும். முதுகில் மருந்துக் கலனைச் சுமப்பவள் குடியிருப்பது தோட்டத்து வீட்டில், வாங்குவது நாட்கூலி. யார்மீது புகார் கொடுப்பாள்? கொடுத்த மறுநாள் எங்கே போவாள்? அதிகாரி வரும் நாளில் மட்டும் கையுறை கிடைத்தால், மற்ற நாட்களுக்குச் சாட்சி யார்?

சாட்சி தேடி இறங்கினார் ஒரு பெண். தெனாகனிதா அமைப்பின் ஐரின் பெர்னாண்டஸ். தோட்டம் தோட்டமாக அவர் சேர்த்த பெண்களின் வாக்குமூலங்கள் 2002-இல் அறிக்கையாக வெளிவந்தன. அதே ஆண்டு அரசு, பாராகுவாட் களைக்கொல்லியைப் படிப்படியாகத் தடை செய்வதாக அறிவித்தது.

வென்றுவிட்டார்களா? 2006-இல் அந்தத் தடை நிறுத்திவைக்கப்பட்டது. தடைக்கே தடை எப்படி வந்தது?

(அடுத்த வாரம்)