துண்டு, தகரவில்லை, பத்துச்சீட்டு: கூலிகளின் காகிதம் யார் கையில்?

என் அம்மாயி 1973-இல் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் வந்து இறங்கியவர். சாகும்வரை ஒரு தகரப்பெட்டியைத் தலைமாட்டிலேயே வைத்திருந்தார். அதற்குள் ஒரு இந்தியப் பாஸ்போர்ட், மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டை, தோட்டத்தில் பேர் வெட்டியபோது கொடுத்த பத்துச்சீட்டு. "இதெல்லாம் இன்னும் எதுக்கு அம்மாயி?" என்று ஒருமுறை கேட்டேன். "காயிதம் நம்ம கையில இருக்கணும்டா ராசா. அது அடுத்தவன் கைக்குப் போச்சுன்னா நாமளும் அவன் கைக்குப் போயிருவோம்" என்றார். எம்.ஏ. தமிழ் படித்தபோது சங்க இலக்கியத்திலிருந்து சிற்றிலக்கியம் வரை எனக்குச் சொல்லித் தந்தார்கள். இந்த ஒரு வரிக்குள் கிடக்கும் நூற்றைம்பது வருஷத்தை எந்த வகுப்பிலும் யாரும் சொல்லித் தரவில்லை. அதைத் தேடிப் போனதில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நம் ஜனங்கள் ஏன் கடல் தாண்டினார்கள்? பஞ்சம் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறது பாடப்புத்தகம். பஞ்சம் உண்மைதான். 1876–78 தாது வருஷப் பஞ்சம் ஊர் ஊராகக் காலி செய்தது. ஆனால் பஞ்சம் இல்லாத வருஷத்திலும் போனார்கள். 1843-இல் அடிமை முறையைச் சட்டம் ஏற்காது என்று கம்பெனி அரசு சட்டம் போட்டது. அதைச் சேரிக்குள் கொண்டுவந்து அமல்படுத்த ஒரு ஆள் வரவில்லை. பண்ணையாள் பண்ணையாளாகவே கிடந்தான். அவனுக்குக் கடல் தாண்டுவது ஒரு தப்பித்தல். தஞ்சாவூர் மிராசுதார்கள் 'ஆள் போகிறது' என்று அரசாங்கத்திடம் புலம்பியதை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். பறையர், பள்ளர், சக்கிலியர் என்று இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களில் பெரும்பகுதி நம்மவர்களாக இருந்ததற்கு, நம் வயிறு மட்டுமல்ல, நம் கோபமும் காரணம்.

ஆனால் போகிற வழியில் நின்றவன் கங்காணி. மொரீஷியசுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் போனவர்களுக்கு ஒப்பந்தம் என்ற பெயரில் ஒரு காகிதமும், அதைப் பார்க்க ஒரு அதிகாரியும் பெயரளவிலாவது உண்டு. இலங்கைக்குப் போனவர்களுக்கு அதுவும் இல்லை. 1839-இல் வெளிநாட்டுக்குக் கூலி ஆள் அனுப்புவதைத் தடுத்த சட்டத்திலிருந்து 1847-இல் இலங்கைக்கு விலக்கு கொடுத்தார்கள். பக்கத்து ஊர்தானே, இவர்கள் சுதந்திரமான கூலிகள்தானே என்பது வாதம். சுதந்திரக் கூலி என்று பெயர் வைத்தால் பாதுகாக்க வேண்டிய பொறுப்பு போய்விடுகிறது. கங்காணி கொடுத்த முன்பணம், வழிச்செலவு, கம்பளி எல்லாம் கடனாக ஏறியது. மன்னாரில் இறங்கி மாத்தளைக்கு நடந்த காட்டுப்பாதையில் காலராவிலும் காய்ச்சலிலும் செத்தவர்கள் எத்தனையோ பேர். பிழைத்துத் தோட்டம் சேர்ந்தவன் ஒரு நாள் வேலை செய்வதற்கு முன்பே கடன்காரன்.

'அரசாங்கம் தொழிலாளர் சட்டத்தைச் சரியாக அமல்படுத்தவில்லை' என்று நாம் வழக்கமாகச் சொல்கிறோம். அது பாதி உண்மை. 1865-ஆம் வருஷ இலங்கைச் சட்டப்படி, சொல்லாமல் தோட்டத்தை விட்டுப் போன கூலியைப் பிடித்துச் சிறையில் போடலாம். அது நன்றாகவே அமலானது. கூலிப்பணம் மாதக்கணக்கில் தள்ளிப் போனதற்கும், அதைக் கங்காணி தன் கையில் வாங்கிக் கடனில் கழித்துக்கொண்டதற்கும் எந்தத் துரை சிறைக்குப் போனான்? ஓடியவனைப் பிடிக்கப் பலமான கை, கூலி தராதவனைக் கேட்கச் சோர்ந்த கை. இரண்டும் ஒரே அரசாங்கத்தின் கைகள்.

இதன் நடுவில் வந்ததுதான் துண்டு. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குக் கூலிக் கூட்டம் மாற வேண்டுமென்றால், 'இவர்கள் கடன் இவ்வளவு, கட்டினால் விடுவிக்கிறோம்' என்று துரை ஒரு சீட்டு எழுதித் தருவான். பெரிய கங்காணி அதை எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாக ஏறி இறங்குவான். ஆள் தட்டுப்பாடு உள்ள துரை கடனைக் கட்டி ஆளை எடுப்பான். இன்னொருவன் அதைவிட அதிகம் தருவான். ஒவ்வொரு கை மாறும்போதும் கடன் வீங்கும். அந்தப் பணத்தில் கூலி கண்டது கொஞ்சம். ஆள் வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு வேறு. பெரிய கங்காணிகளில் பெரும்பாலோர் குடியானச் சாதிகளைச் சேர்ந்தவர்கள். லயத்தைக்கூடச் சாதி பார்த்துத்தான் பிரித்தார்கள். ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சில்லறைக் கங்காணிகளில் நம்மவர்களும் இருந்தார்கள்.

இந்த ஏற்பாட்டில் தோட்டக்காரர்களும் சுகமாக இல்லை. ஒருவன் ஆளை இன்னொருவன் இழுத்தான். ஒழுங்காகக் கூலி கொடுத்து ஆளை வைத்திருக்க நினைத்தவன், அதிகக் கடன் கட்டி இழுத்தவனிடம் தோற்றான். தோட்டத்தின் முதல் தேயிலைச் செடியில் இருந்ததைவிடக் கங்காணியின் கணக்குப் புத்தகத்தில் அதிகம் முடங்கியது. துரைமார் சங்கமே இதைப் பற்றிப் புலம்பியது. ஆனால் கூலியை நேராகக் கூலியின் கையில் கொடுத்தால் நோய் தீரும் என்பதை மட்டும் வெகுகாலம் ஒப்புக்கொள்ளவில்லை.

அதற்குப் பதிலாக எல்லையை இறுக்கினார்கள். 1901-இல் தகரவில்லை வந்தது. தோட்டத்தின் எண் பொறித்த வில்லையைக் கழுத்தில் கட்டி அனுப்பினார்கள். எந்தச் சரக்கு எந்தத் தோட்டத்துக்கு என்று வழியில் பார்ப்பவருக்குத் தெரியும். 1904-இல் திருச்சிராப்பள்ளியில் இலங்கைத் தொழிலாளர் கமிஷன் அலுவலகம் திறந்தது. பிறகு மண்டபம் முகாம். அங்கே நிறுத்தி, குளிக்கவைத்து, அம்மை குத்தி, எண்ணி அனுப்பினார்கள். ராமேஸ்வரம் கடலில் ஒரு தலை தப்பாமல் எண்ணத் தெரிந்த அரசாங்கத்துக்கு, மலைமேல் கொழுந்துத் தராசில் ராத்தல் குறைவதை எண்ணத் தெரியவில்லை.

அமல்படுத்த முடியாது என்பதெல்லாம் பொய் என்பதற்கும் இதே வரலாறுதான் சாட்சி. பொன்னம்பலம் அருணாசலம் போன்றவர்கள் குரல் கொடுத்தார்கள். 1921-இல் துண்டு சட்டவிரோதமானது. ஓடினால் சிறை என்பதும் அந்தக் காலத்தோடு ஒழிந்தது. 1922-இல் இந்தியக் குடியகல்வுச் சட்டம் வந்து, இந்திய அரசின் ஏஜென்ட் ஒருவர் கண்டியில் உட்கார்ந்தார். 1927-இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம். அதன்படி 1929 முதல் மலைநாட்டில் ஆணுக்கு நாளுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். ஆணுக்கும் பெண்ணுக்கும் அங்கேயும் வேறு கூலிதான்; கொழுந்து கிள்ளியது முக்கால்வாசி பெண்கள் என்பதையும் இதோடு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். இருந்தாலும் கூலிக்கு ஒரு தரை விழுந்தது. காரணம், துரைமாரின் நல்ல மனசு இல்லை. இந்தியா ஆள் அனுப்புவதை நிறுத்திவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

அந்தப் பிடியும் நெடுநாள் நிற்கவில்லை. முப்பதுகளின் மந்தத்தில் கூலியை வெட்டினார்கள். 1939-இல் இந்தியா கூலி ஆட்கள் போவதைத் தடை செய்தது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தில் கோவிந்தன் போலீஸ் குண்டுக்குச் செத்தார். 1947 தேர்தலில் மலையக மக்கள் தங்கள் பிரதிநிதிகளை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். மறு வருஷமே, 1948-இல், குடியுரிமைச் சட்டம் வந்தது. அடுத்து வாக்குரிமையும் போனது. 1952 தேர்தலில் அவர்களுக்கென்று ஒருவரும் இல்லை. கூலிச் சட்டங்கள் புத்தகத்தில் அப்படியே இருந்தன. ஆனால் நாடற்றவன் எந்த அதிகாரியிடம் போய்ச் சட்டம் பேசுவான்? பேசினால் 'கள்ளத்தோணி' என்று ஒரு சொல் தயாராக இருந்தது. குடியுரிமையைப் பறிப்பதும் கூலியைக் குறைத்து வைப்பதும் இரண்டு வேறு விஷயங்கள் இல்லை என்பதை நான் இங்கேதான் புரிந்துகொண்டேன்.

1964-இல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 9,75,000 பேரைப் பங்கு பிரித்தார்கள். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மீதி ஒன்றரை லட்சத்தை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். பிரிக்கப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. அந்தக் கணக்கில் ஒரு தலைதான் என் அம்மாயி.

மண்டபத்தில் இறங்கிய பிறகு நடந்ததை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: "தொழில் கடன் தர்றோம்னு சொன்னாங்க. தேயிலை கிள்ளத்தான் தெரியும், நாங்க என்ன தொழில் செய்யறது? ஒரு ஆளு வந்தான். கொடைக்கானல் மலையில வேலை இருக்கு, வீடு தர்றேன்னான். ஐநூறு ரூவா முன்பணம் கொடுத்தான். வாட்டில் மரம் வெட்டிப் பட்டை உரிக்கணும். வீடுன்னா பிளாஸ்டிக் தாளு. குடும்ப அட்டைய 'பத்திரமா வைக்கறேன்'னு வாங்கிக்கிட்டான். மூணு வருஷம் கழிச்சும் அந்த ஐநூறு தீரல. உங்க தாத்தா ராத்திரியில போயி அட்டையத் திருடிக்கிட்டு வந்தாரு. எங்க அட்டையவே நாங்க திருடினோம்."

கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது. அவர்கள் அந்த மலையிலிருந்து இறங்கி ஓடியதும் 1976-இல்தான். சட்டம் வந்த சேதி அவர்களுக்குத் தெரியாது.

இத்தோடு நிறுத்தினால் நமக்குச் சௌகரியமாக இருக்கும். நிறுத்த முடியவில்லை. 2022-இல் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் ஒடிசாவிலிருந்து வந்த பதினொரு பேரின் ஆதார் அட்டையைக் காண்ட்ராக்டர் பிடுங்கி வைத்திருக்கிறான் என்று தகவல் வந்து, தோழர்கள் இரண்டு பேரோடு போனேன். காண்ட்ராக்டர் எங்கள் காலனிப் பையன். அவனுடைய ஆத்தாளும் என் அம்மாயியும் ஒரே கப்பலில் வந்தவர்கள். "பிடுங்கலண்ணே, பத்திரமா வச்சிருக்கேன். அட்வான்ஸ் வாங்கிட்டு ரயிலேறிட்டானுங்கன்னா யாருண்ணே பொறுப்பு?" என்றான். பத்திரமா! எனக்குத் தலை சுற்றியது. ஆலை முதலாளியைக் கேட்டால், "நான் பி.எஃப். கட்டி, ஓவர்டைம் கொடுத்தா, பக்கத்து மில்லுக்காரன் எதுவும் கட்டாம நூலை விலை குறைச்சுத் தர்றான். அவனை யாரு கேக்கறா?" என்றார். நூறு வருஷத்துக்கு முன் துரைமார் சங்கம் புலம்பிய அதே புலம்பல். அதில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அவர் தன் நஷ்டத்தை அந்தப் பதினொரு பேர் தலையில் இறக்கியதுதான் அநியாயம்.

தொழிலாளர் அலுவலகத்தில், வந்தவர்கள் கையெழுத்துப் போட்டு எழுதித் தந்தால்தான் நடவடிக்கை என்றார்கள். 1979-ஆம் வருஷ வெளிமாநிலத் தொழிலாளர் சட்டம் அப்போது நடப்பில் இருந்தது. அதன்படி காண்ட்ராக்டருக்கு லைசென்ஸ் வேண்டும். ஒவ்வொரு ஆளுக்கும் பாஸ்புக் தர வேண்டும். பாஸ்புக் எப்படி இருக்கும் என்றுகூட அங்கே யாருக்கும் தெரியவில்லை. கத்திச் சண்டை போட்டு அட்டைகளை மட்டும் வாங்கிக் கொடுத்தோம். அடுத்த வாரம் பதினொரு பேரையும் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அட்டை கிடைத்தது, வேலை போனது. அவர்களில் ஒருவன் ரயில் நிலையத்தில் என்னைப் பார்த்த பார்வையை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

காலனிப் பையன் இப்போது என்னோடு பேசுவதில்லை. 'நம்ம ஆளு ஒருத்தன் முன்னுக்கு வந்தா உனக்குப் பொறுக்காது' என்று அவன் அம்மா தெருவில் நின்று சத்தம் போட்டார். அவர் கோபம் எனக்குப் புரிகிறது. நிலமும் இல்லை, அரசு வேலையும் இல்லை. எஞ்சியிருக்கிற ஒரே ஏணி ஆள் பிடிக்கிற ஏணிதான் என்று ஆக்கி வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த ஏணி யார் முதுகில் சாய்ந்து நிற்கிறது என்பது மற்றவர்களைவிட நமக்குத்தான் நன்றாகத் தெரியும். வந்தேறி என்று இன்று ஒடிசாக்காரனையும் பீகாரியையும் ஏசுகிற வாய், அன்று நம்மைக் கள்ளத்தோணி என்று ஏசிய வாய்தான். ஏச்சு அவனைத் துரத்திவிடாது; பயந்தவனாக, மலிந்தவனாக இங்கேயே வைத்திருக்கும். அவன் கூலி மலிந்தால் நம் கூலியும் நிற்காது.

அம்மாயியின் தகரப்பெட்டி இப்போது என்னிடம் இருக்கிறது. தாத்தா திருடி வந்த குடும்ப அட்டை மடிப்பில் கிழிந்துவிட்டது. காண்ட்ராக்ட் எடுக்கும் நம் பையன்கள் யாராவது அதைப் பார்க்க விரும்பினால், என் வீட்டுக்கு வரட்டும். எடுத்துக் காட்டுகிறேன்.