கீழே தீ, மேலே பட்டினம்: சென்ட்ரேலியாவின் சனத்தொகைக் கதை

குடிசன மதிப்பீட்டு அறிக்கைகளைப் படிப்பது பலருக்குச் சலிப்பூட்டும் வேலை. பத்திரிகைத் தொழிலில் நீண்டகாலம் இருந்தமையாலோ என்னவோ, எனக்கு அவை சரித்திர நூல்களைப் போன்றே சுவையானவை. ஒரு ஊரின் எழுச்சியும் வீழ்ச்சியும் அங்கே உணர்ச்சிக் கலப்பின்றி இலக்கங்களாக நிற்கின்றன. அவ்வாறு நான் படித்த இலக்கங்களுள் என்னை அதிகம் சிந்திக்க வைத்தவை அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள சென்ட்ரேலியா என்ற சின்னஞ்சிறு பட்டினத்தினுடையவை. 1890இல் 2,761 பேர். 1980இல் ஆயிரத்துக்குச் சற்று அதிகமானோர். 1990இல் 63 பேர். 2000இல் 21. 2010இல் 10. 2020இல் 5.

போர் நடக்கவில்லை. கொள்ளைநோய் வரவில்லை. அவ்வாறாயின் பத்தே ஆண்டுகளில் ஆயிரம் பேர் எங்கே போனார்கள்?

விடையைத் தேடுமுன் ஊரின் அமைவிடத்தை அறிந்துகொள்வது நல்லது. மாநிலத்தின் கிழக்குப் பகுதியில், கொலம்பியா மாவட்டத்தின் தென்கோடியில் மலைகளுக்கிடையே சென்ட்ரேலியா அமைந்திருக்கிறது. பரப்பளவு ஒரு சதுர மைலின் கால் பங்கு மாத்திரமே. சட்டப்படி இது ஒரு 'பரோ'. தெரிவுசெய்யப்பட்ட சபையையும் மேயரையும் கொண்ட சிறு உள்ளூராட்சிப் பிரிவை அங்கே அவ்வாறு அழைப்பர். எமது நாட்டில் முன்னர் இருந்த பட்டினசபைகளை நினைவில் வைத்திருப்போருக்கு அதன் தன்மை எளிதில் விளங்கும்.

இந்த மலைகளின் அடியில் அந்திரசைற்று எனப்படும் மிகக் கடினமான நிலக்கரி படைபடையாகக் கிடக்கிறது. சென்ட்ரேலியா பிறந்ததற்கு அதுவே காரணம். நிலக்கரிக் கம்பனி ஒன்றின் சுரங்கப் பொறியியலாளரான அலெக்சாண்டர் றே என்பவர் 1850களில் இங்கே வந்து தெருக்களை வகுத்தார். 1856இல் சுரங்கங்கள் திறக்கப்பட்டன. முதலில் ஊருக்கு இடப்பட்ட பெயர் சென்ரவில். அதே பெயரில் வேறோர் ஊர் இருந்தமையால், 1865இல் தபாலகம் அமைந்தபோது அது சென்ட்ரேலியா ஆயிற்று. மறு ஆண்டில் பரோ என்ற தகுதியும் கிடைத்தது. 1868இல் றே கொலை செய்யப்பட்டார். மொலி மகுவயர்ஸ் என்ற ஐரிஷ் தொழிலாளர் இரகசியச் சங்கத்தின் மீது பழி விழுந்தது. 1878இல் மூவர் தூக்கிலிடப்பட்டனர். தொழிலாளருக்கும் கம்பனிகளுக்கும் இடையே அன்று நிலவிய பகைமையின் கடுமையை இதனால் உணரலாம்.

இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். ஊரின் சனத்தொகை தீயினால் மட்டும் குறையவில்லை. 1940இல் 2,449 ஆக இருந்த தொகை 1960இல் 1,435 ஆக இறங்கிவிட்டது. எண்ணெயும் இயற்கை வாயுவும் நிலக்கரியின் இடத்தைப் பிடித்துக்கொள்ள, சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. வேலை தேடி இளைஞர் வெளியேறினர். கைவிடப்பட்ட சுரங்கப் பாதைகள் மட்டும் ஊருக்கடியில் வலைப்பின்னலாக எஞ்சின.

1962ஆம் ஆண்டு மே மாதத்தில் தீ தொடங்கியது. பழைய திறந்த சுரங்கக் குழியொன்றை ஊரவர் குப்பைக் கிடங்காகப் பயன்படுத்தி வந்தனர். போரில் மடிந்த வீரர்களை நினைவுகூரும் தினத்துக்கு முன்னர் இடத்தைத் துப்புரவாக்கும் நோக்கில் அக்குப்பைக்குத் தீ வைக்கப்பட்டது என்பதும், அடைக்கப்படாதிருந்த துவாரம் ஒன்றின் வழியே அது நிலக்கரிப் படையைப் பற்றிக்கொண்டது என்பதும் பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். அந்திரசைற்று எளிதில் தீப்பற்றாது. பற்றினாலோ எளிதில் அணையாது. பழைய சுரங்கப் பாதைகள் காற்றை ஊட்ட, தீ நிலத்தடியில் மெல்ல மெல்ல நகர்ந்தது. குழி தோண்டியும், அரைத்த கல்லை உள்ளே செலுத்தியும் அதைத் தடுக்க முயன்றார்கள். ஒவ்வொரு முறையும் பணம் முடிந்தது. தீ முடியவில்லை.

ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மக்கள் அதன் மேலேயே வாழ்ந்தார்கள். 1979இல், பெற்றோல் நிலையம் நடத்திவந்த ஒருவர் தமது நிலத்தடித் தாங்கியிலிருந்த பெற்றோலின் வெப்பநிலையை அளந்தபோது, அது ஏறத்தாழ 78 பாகை செல்சியஸ் ஆக இருந்தது. 1981 பெப்ரவரியில் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனின் காலடியில் நிலம் திடீரெனப் பிளந்தது. மரவேர் ஒன்றைப் பற்றிக்கொண்டு தொங்கிய அவனை அவனது உறவுக்காரச் சிறுவன் இழுத்துக் காப்பாற்றினான். அக்குழியிலிருந்து வெளிவந்த ஆவியில் உயிரைப் பறிக்கக்கூடிய அளவு காபனோரொட்சைட்டு வாயு கலந்திருந்தது. அதன் பின்னரே நாடு முழுவதும் சென்ட்ரேலியாவைத் திரும்பிப் பார்த்தது.

இனி வருவதுதான் கதையின் மையம். தீயை முற்றாகத் தோண்டி அகற்றுவதற்கு 66 கோடி டொலருக்கு மேல் தேவைப்படும் என 1983இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. மக்களை இடம் மாற்றுவதற்கு காங்கிரஸ் ஒதுக்கிய தொகை 4 கோடி 20 இலட்சம் டொலர். தீயை அகற்றுவதிலும் பார்க்க மக்களை அகற்றுவது மலிவு என்று கணக்குக் கூறியது. ஊரவரிடையே நடந்த வாக்கெடுப்பில் வெளியேறுவதற்கு ஆதரவாக 345 பேரும் எதிராக 200 பேரும் வாக்களித்தனர். பெரும்பாலானோர் இழப்பீட்டைப் பெற்றுக்கொண்டு அயலூர்களுக்குச் சென்றனர். அவர்கள் விட்டுச்சென்ற வீடுகள் இடிக்கப்பட்டன. வரிசை வீடுகளில் இரு பக்கத்து வீடுகளும் போய்விட, நடுவே எஞ்சிய வீட்டின் சுவர் சாயாதிருக்கச் செங்கல் முட்டுகள் கட்டப்பட்டன. அயலவரின் தோளில் சாய்ந்து நின்ற வீடுகள் அவை.

போக மறுத்தவர்களை வெறும் பிடிவாதக்காரர் என்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. தமது வீட்டின் கீழ் தீ இல்லை என்று அவர்கள் வாதாடினர். பட்டினத்தின் அடியிலுள்ள நிலக்கரியின் உரிமை பரோவுக்கே உரியது, பரோ இல்லாமற் போனால் அவ்வுரிமையும் கைமாறிவிடும், அதற்காகவே தம்மை வெளியேற்றுகிறார்கள் என்று ஐயுற்றனர். மாநில அரசு அதை மறுத்தது. 1992இல் ஆளுநர் றொபேட் கேசியின் நிர்வாகம் எல்லா ஆதனங்களையும் பொதுத்தேவைச் சட்டத்தின்கீழ் சுவீகரித்தது. 2002இல் தபால் திணைக்களம் ஊரின் குறியீட்டிலக்கத்தை நீக்கியது. எஞ்சியோர் நீதிமன்றத்தில் தொடர்ந்து போராடினர். 2013 ஒக்டோபரில் எட்டப்பட்ட இணக்கத்தின்படி, உயிருள்ளவரை அவர்கள் அங்கேயே வாழலாம். அதன் பின் வீடுகள் அரசுக்குச் சேரும்.

பழைய நெடுஞ்சாலையின் வெடித்த தளத்தில் வண்ண எழுத்துகளைத் தீட்டி, அதைப் பார்வையிடத் திரண்ட கூட்டம் பெருகவே, 2020இல் அதுவும் மண்ணால் மூடப்பட்டது. மலைச்சரிவில், 1911இல் கட்டப்பட்ட உக்ரேனியக் கத்தோலிக்க தேவாலயம் மட்டும் இன்றும் வழிபாட்டுடன் நிற்கிறது. அதனடியில் இருப்பது நிலக்கரியன்று, திண்ணிய பாறை. வெளியேறியவர்கள் அங்கே திரும்பி வந்து செபிக்கிறார்கள். ஊரின் கல்லறைகளும் பராமரிக்கப்படுகின்றன. உயிரோடிருப்போரைவிட அங்கே உறங்குவோரின் தொகை பல மடங்கு அதிகம்.

தீ இன்னும் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் எரியக்கூடும் என்று மதிப்பிடப்பட்டிருக்கிறது. அடுத்த குடிசன மதிப்பீடு 2030இல் வரும். சென்ட்ரேலியாவுக்கு நேரே பூச்சியம் எழுதப்பட்டாலும், அந்த இலக்கத்தைத் தீ மட்டும் எழுதியது என்று நான் கொள்ளமாட்டேன். ஆரம்பத்திலேயே போதிய பணத்தைச் செலவிடத் தயங்கிய ஒவ்வொரு நிர்வாகத்தின் கையெழுத்தும் அதில் இருக்கும்.