இரண்டு அப்பாக்களும் ஒரு புகாரும்: ‘மகாநதி’, ‘மகாராஜா’ – ஓர் ஒப்பாய்வு

காவல் நிலையத்துக்கு ஒரு முடிதிருத்தும் தொழிலாளி வருகிறார். வீட்டில் திருடு போய்விட்டது என்கிறார். என்ன போனது என்று விசாரித்தால், ஓர் இரும்புக் குப்பைத் தொட்டி. அதன் பெயர் லட்சுமி. நிலையமே சிரிக்கிறது. அடிக்கிறார்கள், துரத்துகிறார்கள். அவரோ நகர மறுக்கிறார். தேடிக் கொடுத்தால் பணம் தருகிறேன் என்று லட்சக்கணக்கில் தொகையை ஏற்றிக்கொண்டே போகிறார். 2024 ஜூன் 14 அன்று வெளியான ‘மகாராஜா’ இப்படித்தான் தொடங்குகிறது.

அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன், 1994 பொங்கலுக்கு வந்த ‘மகாநதி’யில் கிருஷ்ணசாமி என்றோர் அப்பா. அவர் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுப்பதில்லை. கொடுக்க முடியாது. ஏமாற்றப்பட்டவரான அவரே அங்கே குற்றவாளியாக நிற்கிறார்.

ஒருவருக்குப் புகார் கொடுக்க வழியே இல்லை. இன்னொருவருக்கு வழி இருக்கிறது, ஆனால் உண்மையைச் சொல்லிக் கொடுக்க மனமில்லை. இரண்டு பேரும் கடைசியில் கையில் எடுப்பது ஆயுதம். துயருற்ற தந்தையின் பழிவாங்கல் என்ற ஒரே கதைமரபின் இரண்டு கரைகள் இவை. இவற்றை ஓசூரில் இருந்துகொண்டு ஒப்பிட எனக்குக் காரணம் இருக்கிறது. இது அப்பாக்கள் பிழைக்க வந்த ஊர். பிள்ளைகளைப் பற்றிய பயத்தோடு ஷிஃப்டுக்குப் போகும் ஊர். அதோடு, இந்தக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நடந்த இரண்டு வழக்குகள் இந்தப் படங்களை நான் பார்க்கும் விதத்தையே மாற்றிவிட்டன.

விழுந்த பள்ளம்

‘மகாநதி’யை இயக்கியவர் சந்தான பாரதி. கதை கமல்ஹாசனுடையது, வசனத்தில் ரா.கி.ரங்கராஜன் உடன் நின்றார். மனைவியை இழந்து, கும்பகோணம் பக்கத்தில் வசதியாக வாழும் மனிதர், மகள் காவேரி, மகன் பரணி, மாமியார். ஊரே போதும் என்றிருந்தவரைச் சென்னையின் பணம் இழுக்கிறது. தனுஷ் என்ற இடைத்தரகன் பேச்சை நம்பிச் சீட்டுக் கம்பெனியில் பங்குதாரர் ஆகிறார். பணத்தைச் சுருட்டியவன் தப்பிக்க, கையெழுத்துப் போட்டவர் சிறைக்குப் போகிறார். பாட்டியின் வைத்தியச் செலவுக்குப் பணம் கேட்டுப் போன மகள் சீரழிக்கப்பட்டு, கொல்கத்தாவின் பாலியல் தொழில் பகுதியான சோனாகாச்சிக்கு விற்கப்படுகிறாள். மகன் தெருவில் வித்தை காட்டுகிறவர்களோடு வளர்கிறான்.

இந்தச் சரிவில் ஒவ்வொரு படிக்கும் ஒரு காரணம் இருக்கிறது. ஆசை, நம்பிக்கை, கையெழுத்து, சிறை, பசி, விற்பனை என்று படிப்படியாக இறங்குகிறது. அதனால்தான் ஓசூரில் இந்தப் படம் பழையதாகவே ஆவதில்லை. சிப்காட் வந்த பிறகு, டிராக்டர் ஓட்டியவரும் கேழ்வரகு விதைத்தவரும் அசோக் லேலண்டு, டிவிஎஸ், டைட்டன் என்று ஆலைகளின் நிழலுக்கு வந்தார்கள். தர்மபுரி, திருவண்ணாமலை, சேலம் பக்கத்துக் குடும்பங்கள் இங்கே வேர் பிடித்தன. மாதச் சம்பளம் வரும் ஊரில் சீட்டும் வரும். நிலத்துக்கு விலை ஏறும் ஊரில் தரகரும் வருவார். மாட்டிக்கொள்வது கெட்டவர்கள் அல்ல, கொஞ்சம் முன்னேற நினைத்தவர்கள் என்பதைக் கிருஷ்ணசாமி கதை சொல்கிறது. நிதி நிறுவனங்களிடம் ஏமாந்த முதலீட்டாளர்களைக் காக்கத் தமிழ்நாடு தனிச் சட்டம் இயற்றியது 1997இல். படம் வந்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு.

‘மகாராஜா’வில் பள்ளம் வேறு வகை. நித்திலன் சாமிநாதன் இயக்கிய இந்தப் படத்தில் காரணச் சங்கிலி கிடையாது, தற்செயல்தான் இருக்கிறது. ஒரு லாரி வீட்டுக்குள் புகுந்து, முடிதிருத்தும் தொழிலாளியான மகாராஜாவின் மனைவியைக் கொல்கிறது. கவிழ்ந்த குப்பைத் தொட்டி ஒரு பெண் குழந்தையை மூடிக் காப்பாற்றுகிறது. பல ஆண்டுகள் கழித்து, தன்னைக் காட்டிக்கொடுத்தவர் மகாராஜாதான் என்று தவறாக எண்ணிய செல்வம் என்ற கொள்ளையன், அவர் மகளைப் பழிதீர்க்கும் கருவியாக்குகிறான். காலத்தை முன்னும் பின்னும் கலைத்துப் போட்டு, நாம் எதைப் பார்க்கிறோம் என்பதைக் கடைசிவரை மறைத்து வைக்கிறது திரைக்கதை.

‘மகாநதி’ நதியைப் போல ஒரே திசையில் போய் நம்மையும் இழுத்துச் செல்கிறது. ‘மகாராஜா’ சிதறிய சில்லுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தருகிறது. முன்னதில் அடுத்து என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும், நடக்கக்கூடாதே என்று தவிக்கிறோம். பின்னதில் நடந்துவிட்டது எது என்பதே தெரியாமல் தவிக்கிறோம். கைத்திறனில் பின்னது கூர்மையானது. ஆனால் அந்தக் கூர்மைக்கு ஒரு விலை உண்டு. ஒரு சிறுமிக்கு நேர்ந்த கொடுமை அங்கே கடைசியில் இறக்கும் சீட்டாக ஆகிவிடுகிறது. பல நிமிடங்கள் நாம் குப்பைத் தொட்டியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும்போது அவள் மருத்துவமனையில் கிடந்திருக்கிறாள் என்று பிறகு உணரும்போது வரும் குற்ற உணர்ச்சியை இயக்குநர் வேண்டித்தான் வைத்திருக்கிறார். ஆனாலும் அவள் வலியோடு நாம் உட்கார்ந்திருந்த நேரம் குறைவு.

காவல் நிலையமும் சிறையும்

கிருஷ்ணசாமிக்கு அரசு என்றால் சிறை. துலுக்காணம் என்ற சிறை அதிகாரியின் தடி. அந்த நடிகர் இன்றுவரை ‘மகாநதி’ சங்கர் என்றே அறியப்படுகிறார் என்றால், அந்தத் தடி எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். அதே சிறையில் பஞ்சாபகேசன் என்ற நல்ல கைதியும் இருக்கிறார். அவர் மகள் யமுனா வெளியே துணையாகிறாள். மகளை மீட்கும் இடத்தில், சோனாகாச்சியின் பெண்களே தங்கள் பணத்தைப் போட்டு அனுப்பி வைக்கிறார்கள். சட்டம் கைவிட்ட இடத்தில், சட்டத்தால் ஒதுக்கப்பட்டவர்கள் வந்து தாங்குகிறார்கள். இந்தப் படத்தின் அறம் அங்கே இருக்கிறது, கொலைகளில் இல்லை.

மகாராஜாவுக்கு அரசு என்றால் ஸ்டேஷன். முதலில் கேலி, பிறகு லஞ்சம், பிறகு பொய்யாகத் தொட்டி ஒன்றைச் செய்து கணக்கை முடிக்கும் ஏற்பாடு. உண்மை தெரிந்ததும் இன்ஸ்பெக்டர் வரதராஜன் செய்வது என்ன? குற்றவாளியைக் கைது செய்யவில்லை; அப்பாவின் வீட்டுக்கே அனுப்பி வைக்கிறார். திரையரங்கில் அதிகக் கைத்தட்டல் வாங்கிய இடம் அது என்று நினைக்கிறேன். எனக்கு மட்டும் அது படத்தின் மிகச் சோகமான இடம். தன்னால் நீதி வாங்கித் தர முடியாது என்று ஒரு காவல்துறை அதிகாரி ஒப்புக்கொள்ளும் இடம் அல்லவா அது?

எல்லை ஊரில் இருப்பவர்களுக்கு இந்த வாசலின் உயரம் தெரியும். ஜூஜுவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி. தமிழ்நாடு முடிந்து கர்நாடகம் தொடங்கிவிடும். வீடு இந்தப் பக்கம், வேலை அந்தப் பக்கம் என்று வாழ்பவர்கள் ஏராளம். ஏதாவது நடந்துவிட்டால் “இது எங்க லிமிட் இல்ல” என்பதுதான் முதலில் விழும் அடி. கைது செய்யத்தக்க குற்றம் என்றால் முதல் தகவல் அறிக்கை பதிந்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் லலிதா குமாரி வழக்கில் 2013இல் சொன்னது. எந்த எல்லையில் நடந்தாலும் எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம் என்பது, 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் எழுத்தாகவே இடம்பெற்றது. ‘மகாராஜா’ திரைக்கு வந்து மூன்று வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

மகள் பேசுகிறாளா?

இந்தக் கதைமரபை உரசிப் பார்க்கும் கல் இதுதான். மகளின் துயரம் அப்பாவின் வீரத்துக்கு விறகாக மட்டும் எரிகிறதா, அல்லது அவளுக்கும் ஒரு குரல் உண்டா?

‘மகாநதி’யின் காவேரி விழித்திருக்கும்போது அதிகம் பேசுவதில்லை. மீட்டு வந்த பிறகு தூக்கத்தில் பேசுகிறாள். அந்தச் சொற்களைக் கேட்டு அப்பா நொறுங்கும் காட்சி தமிழ் சினிமாவில் தனித்து நிற்பது. தன் வீட்டு வேலையாட்கள் மகளைக் கடத்தத் திட்டமிட்டது தெரிந்த அதிர்ச்சியில் பிறந்த கதை இது என்று கமல்ஹாசன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்த அச்சம் காட்சியில் அப்படியே இருக்கிறது. ஆனால் அது ஓர் அப்பாவின் அச்சம். மகள் காயமாக இருக்கிறாள்; சாட்சியாக ஆகவில்லை.

‘மகாராஜா’வின் ஜோதி அங்கிருந்து ஓர் அடி முன்னே வைக்கிறாள். தனக்குக் கொடுமை செய்தவனைத் தானே நேரில் பார்க்க வேண்டும் என்கிறாள். பார்க்கிறாள். நீ என்னை அழிக்கவில்லை என்று அவன் முகத்துக்கு நேரே உணர்த்திவிட்டுத் திரும்புகிறாள். முப்பது ஆண்டுகளில் தமிழ்த் திரையின் மகள், தூக்கத்தில் இருந்து விழித்து எழுந்து நின்றிருக்கிறாள். இது சிறிய தூரம் அல்ல.

கூடவே இன்னொன்றையும் ‘மகாராஜா’ செய்கிறது. ஜோதி மகாராஜா பெற்ற மகள் அல்ல, செல்வத்தின் மகள். லாரி விபத்தில் மகாராஜாவின் சொந்தக் குழந்தையும் இறந்துவிட்டது. பெற்றவனாலேயே சீரழிவுக்குள்ளான பெண்ணை, ரத்தத்தொடர்பே இல்லாத ஒருவர் உயிரைக் கொடுத்து வளர்க்கிறார். அப்பா என்பது பிறப்பால் வரும் உரிமை இல்லை, நாள்தோறும் செய்யும் வேலை என்று இதைவிட அழுத்தமாகச் சொன்ன தமிழ்ப் படம் எனக்கு நினைவில்லை.

விலை யார் கொடுத்தது?

கிருஷ்ணசாமி பழிதீர்க்கும்போது, எதிரியோடு பிணைந்துவிட்ட தன் கையையே வெட்டிக்கொள்கிறார். பதினான்கு ஆண்டுகள் மறுபடி சிறை. படம் அவருக்கு எந்தச் சலுகையும் தரவில்லை. கொன்றாய், கை போனது, காலம் போனது என்று கணக்கை முழுதாக எழுதிக் காட்டுகிறது. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்ற இந்தப் படத்தின் நேர்மையை நான் அந்தக் கணக்கில் காண்கிறேன். மகாராஜாவிடம் அப்படி எந்தக் கணக்கும் கேட்கப்படுவதில்லை. காவல்துறை கண்ணை மூடிக்கொள்கிறது, நாமும் மூடிக்கொள்கிறோம்.

இந்த மண்ணில் பிறந்த ஒரு கதை இதே கணக்கை முன்பே எழுதியது. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த ராஜாஜியின் கதைதான் 1974இல் சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கத்தில் ‘திக்கற்ற பார்வதி’ ஆனது. கடனும் குடியும் ஒரு குடும்பத்தை விழுங்குகின்றன. கணவனின் ஆத்திரம் வழக்கில் போய் முடிகிறது. பாரம் முழுதும் பார்வதியின் தலையில் இறங்குகிறது. ஆத்திரப்பட்டவனுக்கு அது ஒரு நொடி. மிச்ச வாழ்நாளைச் சுமப்பவள் ஒரு பெண்.

திரைக்கு வெளியே

2018 நவம்பரில் ஓசூர் அருகே ஒரு கிராமத்தைச் சேர்ந்த இளம் தம்பதியின் உடல்கள் கர்நாடகத்தின் மாண்டியா மாவட்டத்தில், சிவனசமுத்திரம் அருகே காவிரியில் கிடைத்தன. சாதி மாறித் திருமணம் செய்தவர்கள். இளைஞர் அணிந்திருந்த சட்டையில் இருந்த அம்பேத்கர் படமும் ஊர்ப் பெயரும்தான் எல்லை கடந்து அடையாளம் காட்டின. பெண்ணின் தந்தையும் உறவினர்களும் கைது செய்யப்பட்டார்கள்.

இந்தச் செய்திக்குப் பிறகு, மகளுக்காக ஆயுதம் எடுக்கும் அப்பாவைத் திரையில் பார்க்கும்போது என்னால் முன்போல் கைதட்ட முடியவில்லை. ‘என் மகள்’ என்ற அதே சொல் ஓரிடத்தில் காக்கிறது. இன்னோரிடத்தில் கொல்கிறது என்று குற்றச்சாட்டு எழுகிறது. ரத்தத்தை முன்னிறுத்தும் பாசத்துக்கும் மகாராஜாவின் ரத்தமில்லாப் பாசத்துக்கும் நடுவே நம் சமூகம் நின்றுகொண்டிருக்கிறது.

இரண்டாவது வழக்கு, ‘மகாராஜா’ வந்து இரண்டே மாதத்தில், 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் பகுதியில் நடந்தது. தனியார் பள்ளி ஒன்றில் போலியாக நடத்தப்பட்ட என்.சி.சி. முகாமில் 13 வயது மாணவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். பள்ளித் தரப்பு விஷயத்தை மூடி மறைக்கப் பார்த்தது என்று காவல்துறை கூறியது. 2012இன் போக்சோ சட்டப்படி, தெரிந்தும் மறைப்பது தனிக் குற்றம். பெற்றோர் மறைக்கவில்லை. மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார்கள். பள்ளியைச் சேர்ந்தவர்களும் கைதானார்கள், சிறப்புப் புலனாய்வுக் குழு அமைந்தது. முக்கியக் குற்றவாளியாகச் சொல்லப்பட்டவர் எலி மருந்து தின்று ஆகஸ்ட் 23 அன்று இறந்தார். அதற்கு முந்தைய இரவு அவருடைய தந்தையும் விபத்தில் இறந்திருந்தார்.

ஒரு படமாக இருந்தால் கதை அங்கே முடிந்திருக்கும். நாமும் எழுந்து போயிருப்போம். ஆனால் குற்றம் சாட்டப்பட்டவர் இறந்ததால் அந்தச் சிறுமிக்குக் கிடைத்தது என்ன? அவள் நீதிமன்றத்தில் சொல்லி, அது உண்மை என்று நாடு ஒப்புக்கொள்ளும் தருணம் ஒன்று இருந்தது. அந்த மனிதரைப் பொறுத்தவரை அது பறிபோய்விட்டது. பழி தீர்வதும் நீதி கிடைப்பதும் ஒன்றல்ல என்று எந்தத் திரைக்கதையும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

இரண்டு படங்களில் எது உயர்ந்தது என்று கேட்டால், வலியின் கணக்கை மறைக்காமல் எழுதியதற்காக ‘மகாநதி’ என்பேன். மகளை எழுப்பி நிற்கவைத்ததற்காகவும் ரத்தத்தைத் தாண்டிய தந்தைமைக்காகவும் ‘மகாராஜா’வை அதற்குச் சமமாக வைப்பேன். ஆனால் இரண்டுமே காட்டத் தயங்கிய ஒரு வீரம் இருக்கிறது. பெண் குழந்தைக்கு நேர்ந்ததை வெளியே சொன்னால் ஊர் என்ன பேசும் என்ற பயத்தை விழுங்கிக்கொண்டு, பொருள் காணவில்லை என்று சுற்றி வளைக்காமல், நடந்ததை நடந்தபடி சொல்லிப் புகார் கொடுத்து, ரசீதை வாங்கி மடித்து வைத்துக்கொண்டு, வாய்தாவுக்கு வாய்தா வந்து நிற்கும் ஒரு தாயும் தந்தையும். பர்கூரில் அந்தப் பெற்றோர் முதல் படியில் கால் வைத்தார்கள். அடுத்தடுத்த படிகளில் அவர்களைத் தனியே ஏறவிடாமல் இருப்பது, திரையரங்கில் கைதட்டிய நம் எல்லோருடைய வேலை.