மாற்றுரைத்த பொன்னும் காசு நோட்டமும்

திருமுதுகுன்றம் என்று தேவாரம் போற்றும் விருத்தாசலம், மணிமுத்தாற்றின் கரையில் பழமலைநாதர் எழுந்தருளி அருள்பாலிக்கும் திருத்தலமாகும். 10ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செம்பியன் மாதேவியார் கற்றளியாக எடுப்பித்த பெருமையும், பிற்காலத்தில் பீங்கான் தொழிலால் பெற்ற பெயரும் இவ்வூருக்கு உண்டு. இத்தலத்தைப் பற்றிப் பேசுவோர் யாவரும் சுந்தரமூர்த்தி சுவாமிகள் பொன் பெற்ற வரலாற்றைச் சொல்லாமல் விடுவதில்லை. ஆனால் அவ்வரலாற்றினுள்ளே ஒரு செய்தி, விரைந்து சொல்வோரால் பெரும்பாலும் தாண்டிச் செல்லப்படுகின்றது. இறைவன் தந்த பொன்னையே அடியார் உரைத்துப் பார்த்து வாங்கினார் என்பதே அச்செய்தி.

சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் இதனை விரிவாக அமைத்துள்ளார். முதுகுன்றத்தில் சுந்தரர் பன்னிரண்டாயிரம் பொன் பெற்றார். அதனை மணிமுத்தாற்றில் இட்டு, திருவாரூர்த் திருக்குளத்தில் எடுத்துக்கொள்ளுமாறு திருவருள் ஆணை பிறந்தது. ஆற்றில் இடுவதற்கு முன் சுந்தரர் ஒரு காரியம் செய்தார். அப்பொன்னில் மச்சம் வெட்டித் தம்மிடம் வைத்துக்கொண்டார். மச்சமாவது, பின்னர் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக எடுத்து வைக்கும் மாதிரித் துண்டு. ஆரூர் சென்று பரவையாரிடம் செய்தியைச் சொல்ல, ஆற்றில் இட்டதைக் குளத்தில் தேடுவதா என்று அவர் நகைத்தனர். கமலாலயத்தில் இறங்கித் தேடிப் பதிகம் பாடிய பின்னரே பொன் வெளிப்பட்டது. எடுத்த பொன்னைக் கையிலிருந்த மச்சத்தோடு உரைத்துப் பார்க்க, அது மாற்றுக் குறைந்திருந்தது. மீண்டும் பாடினார், மாற்று ஒத்தது. அப்போது மாற்றுரைத்தவர் விநாயகப் பெருமான் என்பது ஆரூர்த் தலமரபு. கமலாலயக் கரையில் மாற்றுரைத்த பிள்ளையார் என்னும் திருப்பெயரோடு இன்றும் அவர் வீற்றிருக்கின்றார்.

தோழமையில் குறைவில்லாத இடத்திலும் சோதனை தவிர்க்கப்படவில்லை. தம்பிரான் தோழர் ஐயுற்றார் என்று இதனைக் கொள்வது பிழை. பொன்னைக் கைமாற்றுவோர் எடையும் மாற்றும் பார்த்தே வாங்குதல் அக்கால வழக்கம். அவ்வழக்கை இறைவனும் ஏற்றருளினான் என்று கொள்வதே பொருத்தம்.

மாற்று அறியும் முறை எளியது. கரிய உரைகல்லின்மீது பொன்னைத் தேய்த்தால் ஒரு கீற்று விழும். தரம் தெரிந்த பொன் முனையுள்ள ஆணியால் அதனருகே மற்றொரு கீற்று இழைப்பர். இரண்டன் நிறத்தையும் ஒப்பிட்டுத் தரம் சொல்லுவர். ஆணிப்பொன் என்று உயர்ந்த பொன்னைக் கூறுவது இதனால் வந்த வழக்கு. பத்தரை மாற்றுத் தங்கம் என்பதும் இக்கணக்கே. எடைக்குக் குன்றி, மஞ்சாடி, கழஞ்சு என்னும் அளவைகள் இருந்தன. இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. தஞ்சைப் பெரிய கோயிலில் பொன்னை நிறுக்க ‘ஆடவல்லான்’ என்னும் இறைவன் திருப்பெயர் பூண்ட எடைக்கல்லே பயன்பட்டதென்று அங்குள்ள கல்வெட்டுகள் கூறுகின்றன. எடைக்கல்லுக்கே இறைவன் பெயரை இட்டுவிட்டால் குறைத்து நிறுப்பவனுக்கு எவ்வளவு துணிவு வேண்டும்!

திருவீழிமிழலை வரலாறும் ஈண்டு நினையத்தக்கது. பஞ்சகாலத்தில் அப்பருக்கும் சம்பந்தருக்கும் நாள்தோறும் படிக்காசு கிடைத்தது. அப்பர் பெற்ற காசு வட்டமின்றிச் செலாவணியாயிற்று. சம்பந்தர் பெற்றதற்கோ கடையில் வாசி கேட்டனர். வாசியாவது, குறையுள்ள காசை மாற்றும்போது பிடித்தம் செய்யும் தொகை. அடியார்களுக்கு அமுதாக்கக் காலந்தாழ்ந்தமைக்குக் காரணம் இதுவே என அறிந்த சம்பந்தர், வாசி நீங்கப் பாடி நற்காசு பெற்றார். பிழையுள்ள காசு மதிப்புக் குறையும் என்பது அக்காலச் சட்டம். இக்காலத்தில் காசு சேர்ப்போரிடையே இதற்கு நேர்மாறாக, பிழையுள்ள காசே கூடுதல் விலை பெறுவதும் உண்டு.

காசு நோட்டம் தமிழருக்குப் புதிதன்று. சங்கப் புலவர் நிரலில் வடம வண்ணக்கன் பேரிசாத்தனார், விற்றூற்று வண்ணக்கன் தத்தனார் போன்ற பெயர்கள் காணப்படுகின்றன. வண்ணக்கர் என்போர் பொன்னையும் காசையும் நோட்டம் பார்த்து மதிப்பிடுவோர். அத்தொழிலினர் அருந்தமிழ்ப் பாட்டும் பாடினர்.

பழங்காசை அடையாளம் காண விரும்புவோர் முதலில் பார்க்கவேண்டியவை உலோகம், எடை, பொறி, எழுத்து என்பன. முதலாம் இராசராசன் காசுகளின் ஒருபுறம் நின்ற உருவமும் மறுபுறம் அமர்ந்த உருவமும், அதனருகே நாகரி எழுத்தில் ‘ஸ்ரீ ராஜராஜ’ என்னும் பெயரும் இருக்கும். செம்பில் அடித்தவை தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் மிகுதியாகக் கிடைப்பதால் தொன்மை ஒன்றை மட்டும் கருதி அவற்றுக்குப் பெருவிலை சொல்லுதல் பொருந்தாது. ஆயிரம் ஆண்டுப் பழமையுள்ள செப்புக்காசினும் நூறாண்டு கடந்த ஓர் அரிய வெள்ளி ரூபாய் விலை மிகுதல் உண்டு. கிடைப்பருமையே விலைக்குத் தாய். பழமை அதற்கு அடுத்ததே.

ஆறுகள் காசு தருவதும் புராணத்தோடு நின்றுவிடவில்லை. கரூரில் அமராவதி ஆற்று மணலை அரித்தும், திருக்கோவலூரில் தென்பெண்ணைப் படுகையிலும் பண்டைக் காசுகளைக் கண்டெடுத்தனர். ‘மாக்கோதை’ என்னும் பெயர் பொறித்த சேரர் வெள்ளிக்காசுகளும் மலையமான் காசுகளும் அவ்வாறு வெளிப்பட்டவை. இரா. கிருஷ்ணமூர்த்தி அவர்கள் 1980களில் மதுரையில் வாங்கிய செப்புக்காசுகளுள் ஒன்றில், குதிரை உருவத்திற்கு மேலே ‘பெருவழுதி’ என்னும் பெயர் தமிழ்பிராமி எழுத்தில் இருப்பதைக் கண்டார். சங்க காலப் பாண்டியர் தம் பெயர் பொறித்துக் காசு வெளியிட்டனர் என்பது அதனால் உறுதியாயிற்று. எழுத்தறியாதார் கையில் அது சில காசு பெறும் செப்புத்துண்டே.

இனி, பிழைக்காசுகளைப் பற்றிக் கூறுவோம். காசு செய்யும் வழிகள் பண்டு இரண்டு. ஒன்று உருக்கி வார்த்தல். மற்றொன்று வில்லையை இரு அச்சுகளுக்கிடையே வைத்துச் சம்மட்டியால் அடித்தல். வார்ப்புக்குச் சுட்ட மண்ணே கருவி. தாவரவியல் அறிஞர் பீர்பால் சாஹ்னி 1936இல் ரோத்தக் நகரை அடுத்த கொக்ராகோட் மேட்டில் யௌதேயர் காசுகளின் சுடுமண் அச்சுகளைக் கண்டு, அவ்வார்ப்பு முறையை 1945இல் நூலாக வெளியிட்டார். மண்ணையும் சூளையையும் அறிந்த விருத்தாசலத்தார்க்கு இது வியப்பாயிராது. ஜெர்மனியில் மைசென் பீங்கான் தொழிற்சாலை முதல் உலகப் போரை அடுத்த உலோகத் தட்டுப்பாட்டின்போது பீங்கானிலேயே நாணயம் செய்தது என்பதும் அவர்கள் அறிய மகிழ்வதொன்று.

கையால் அடித்த காசில் உருவம் ஒருபுறம் ஒதுங்கி நிற்பது இயல்பு. அது பிழையாகாது, விலையும் ஏற்றாது. இயந்திர அச்சில் வரும் நாணயத்தில் அவ்வாறு நேர்ந்தால் அது அக்கசாலைச் சோதனைக்குத் தப்பிய அரும்பிழை. மையம் பெரிதும் விலகி, ஆண்டு மட்டும் தெளிவாகத் தெரிவது மிகவும் விரும்பப்படும். அடித்த நாணயம் அச்சிலேயே ஒட்டிக்கொள்ள, அடுத்த வில்லையில் அதே முகம் இடவலம் மாறிப் பள்ளமாகப் பதிவதுண்டு. அச்சு விரிசலுற்றால் நாணயத்தில் மேடான கோடு தோன்றும். கோடு பள்ளமாயிருந்தால் அது பின்னர் நேர்ந்த கீறல் என்று அறியலாம். இவ்வொரு வேறுபாட்டை அறிந்தாலே பாதி ஏமாற்றம் தவிரும்.

முத்திரைக் குறிகளையும் அறிதல் வேண்டும். ஆண்டின் கீழே சாய்சதுரம் இருப்பின் மும்பை. விண்மீன் இருப்பின் ஐதராபாத். சிறு புள்ளி நொய்டா. கொல்கத்தா நாணயத்தில் குறியே இராது. குறியில்லாததைப் பிழைக்காசு என்று எண்ணி வாங்கி ஏமாந்தவர் பலர். 1911ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயின் கதை வேறு. மன்னர் மார்பில் அணிந்த பதக்கத்திலிருந்த யானை, காண்போர்க்குப் பன்றிபோல் தோன்றிற்று. மக்கள் மனம் புண்பட்டமையால் வெளியீட்டை நிறுத்திப் பெரும்பகுதியை உருக்கிவிட்டு, 1912இல் திருத்திய உருவத்தோடு வெளியிட்டனர். அடிப்பதில் நேராது வரைவதிலேயே நேர்ந்த பிழை அது. உருக்குக்குத் தப்பியவை நாடப்படுகின்றன.

புதுக்கோட்டைப் பகுதியில் 1898இல் கிடைத்த 501 ரோமப் பொற்காசுகளுள் மிகப்பல பேரரசர் தலையில் உளியால் வெட்டுண்டவை. இது அக்கசாலைப் பிழையன்று. தேய்ந்து எடை குறைந்த காசுகளைச் செலாவணியிலிருந்து விலக்க இவ்வாறு வெட்டினர் என்று அறிஞர் கருதுகின்றனர். விலை குறைத்த அவ்வெட்டே இன்று வரலாற்றுக்குச் சான்று.

பக்தியினாலும் சிலர் பழங்காசைக் கெடுக்கின்றனர். பூசையறைக் குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கி விடுகின்றனர். காலத்தால் படிந்த நிறம் போயிற்றெனில் மதிப்பில் பெரும்பகுதியும் போயிற்று. தூய நீரில் அலசி, மென்துணியில் ஒற்றி, தனித்தாளில் மடித்து வைப்பதே போதும். வைஷ்ணவி தேவி உருவம் பொறித்த 2012ஆம் ஆண்டு நாணயத்துக்கு இலட்சங்கள் தருவதாகக் கூறுவாரை நம்புதல் கூடாது. அது பெரும் எண்ணிக்கையில் வெளியானது. பழைய நாணயங்களை வாங்கித் தருவதாகத் தன் பெயரைப் பயன்படுத்திக் கட்டணம் கேட்போரை நம்பவேண்டாமென்று இந்திய ரிசர்வ் வங்கியே 2021இல் எச்சரித்துள்ளது. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாம் ஆண்டு நினைவாக 2010இல் ஐந்து ரூபாய் நாணயத்தோடு ஆயிரம் ரூபாய் நாணயமும் வெளியிடப்பட்டது. அத்தகையவற்றைப் பேணி வைப்பது, விலை கருதாமலே செய்யத்தக்க செயல்.

திருக்கோயில்களில் இவ்வறிவுக்குப் பயன் மிகுதி. உண்டியல் எண்ணும்போது செல்லாக்காசென்று ஒதுக்கும் குவியலில் வராகனும் பணமும் இருக்கக்கூடும். திருப்பணிக்காக நிலம் தோண்டுகையில் காசு கிடைப்பின் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்கு அறிவித்தல் கடமை. கிடைத்த இடம், ஆழம், உடனிருந்த பானை ஓடு முதலியவற்றைக் குறித்து வைக்காவிடில் காசின் வரலாற்றில் பாதி மண்ணிலேயே தங்கிவிடும். 2020 பிப்ரவரியில் திருவானைக்காவில் அகிலாண்டேசுவரி அம்மன் சந்நிதியை அடுத்துத் தூய்மைப் பணி நடந்தபோது செப்புக் குடத்தில் 505 பொற்காசுகள் கிடைத்தன. அவற்றை எண்ணி, எடையிட்டு, அரசு அலுவலரிடம் ஒப்படைத்தனர்.