சலாம் வலிப்பு: ஒரு தந்தையின் கேள்விக்கு வந்த மருந்து

ஜோகூரில் 'சலாம்' என்றால் மரியாதை. கடையிலும் அலுவலகத்திலும் நாள் முழுக்கக் காதில் விழுகிற சொல். இதே சொல் மருத்துவ ஏடுகளில் கைக்குழந்தைகளைத் தாக்கும் ஒரு கொடிய நோயின் பெயராக இருப்பது பலருக்குத் தெரியாது.

1841-இல் இங்கிலாந்தின் டன்பிரிட்ஜ் ஊரைச் சேர்ந்த வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட் என்ற மருத்துவர் 'லான்செட்' ஏட்டுக்குக் கடிதம் எழுதினார். நோயாளி வேறு யாருமல்ல, அவர் பெற்ற பிள்ளைதான். நான்கு மாதம் வரை நன்றாக இருந்த குழந்தை, திடீரென்று தலையை முன்னால் குனியத் தொடங்கியது. பிறகு உடம்பே முழங்காலை நோக்கி மடிந்தது, நிமிர்ந்தது, மறுபடி மடிந்தது. ஒரு தடவை வந்தால் பத்து, இருபது முறை! அட்டை விட்டார்கள், தலைக்குக் குளிர்ச்சி கொடுத்தார்கள், ஈறைக் கீறினார்கள், பேதிக்குக் கொடுத்தார்கள். ஒன்றும் பலிக்கவில்லை. கும்பிடுவது போல் குனிவதால் லண்டன் மருத்துவர் சர் சார்லஸ் கிளார்க் இதைச் 'சலாம் வலிப்பு' என்றார். பெயர் கிடைத்தது, மருந்து கிடைக்கவில்லை. யாருக்காவது வழி தெரியுமா என்று கௌரவம் பாராமல் சக மருத்துவர்களிடம் கேட்டார் அந்தத் தந்தை.

விடை வர நூறாண்டுக்கு மேல் ஆனது. அதுவும் மூட்டுவாத மருத்துவத்தின் வழியாக வந்தது! 1948-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு மூட்டுவாத நோயாளிக்குத் தரப்பட்டது. 1950-இல் அதற்கு நோபல் பரிசு. அட்ரினல் சுரப்பியைத் தூண்டி உடம்பையே ஸ்டீராய்டு சுரக்கச் செய்யும் ஏ.சி.டி.எச். ஊசியை 1958-இல் பெல்ஜியத்தின் சோரெல் இக்குழந்தைகளுக்குப் போட்டார். பலரிடம் துடிப்பு நின்றது. ஏன் நிற்கிறது என்பது இன்றுவரை முழுதாக விளங்கவில்லை.

ஆனால் விலை? அமெரிக்காவில் 2007-இல் ஒரு புட்டி ஏ.சி.டி.எச். 1,650 டாலரிலிருந்து ஒரே தாவலில் 23,000 டாலரைத் தாண்டியது. ஏழை நாடுகள் என்ன செய்யும்?

இதற்கு விடை தேடியவர்களில் இலங்கையரும் உண்டு. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் ஜிதாங்கி வனிகசிங்க குழுவினர் 97 குழந்தைகளில் ஒரு பாதிக்கு ஊசியும் மறுபாதிக்குப் பிரட்னிசோலோன் என்ற மலிவான ஸ்டீராய்டு மருந்தை வாய்வழியாகவும் கொடுத்து, 2015-இல் முடிவை வெளியிட்டனர். 14-ஆம் நாளில் வாய்வழி மருந்து பெற்றவர்களில் 58 விழுக்காட்டினருக்கும் ஊசி பெற்றவர்களில் 37 விழுக்காட்டினருக்கும் வலிப்பு நின்றிருந்தது. மலிவு மருந்து சளைத்ததல்ல என்று தெரிந்தது. அதற்காக வீட்டில் வாங்கிக் கொடுக்கக்கூடிய மருந்தல்ல இது. தொற்று எளிதில் பற்றும், இரத்த அழுத்தம் ஏறும், திடீரென நிறுத்தவும் கூடாது.

இந்நோயில் விலையைவிடப் பெரிய எதிரி தாமதம். பிரிட்டனில் இக்குழந்தைகளை நான்கு வயது வரை கவனித்ததில், சிகிச்சை தாமதமாகத் தாமதமாக வளர்ச்சி பின்தங்கியது தெரியவந்தது. நம் வீடுகளில் வயிற்றில் காற்று என்றும், பயந்துவிட்டது என்றும் ஓமத்தண்ணீரோடு வாரங்கள் கழிந்துவிடுகின்றன. தூங்கி எழுந்ததும் குழந்தை அடுக்கடுக்காகக் குனிந்து நிமிர்ந்தால், அதைக் கைப்பேசியில் படம் பிடித்து அன்றைக்கே மருத்துவரிடம் காட்டலாம். மூளை அலைப் பதிவு எடுக்க வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்வார்.