புலன் ஒருங்கிணைப்பு: ஜீன் ஏயர்ஸ் வகுத்த நெறியும் யாழ்ப்பாணத்துக்கு வேண்டிய வழிகாட்டலும்

1. பொருள்

நல்லூர்த் திருவிழாவில் மேளம் முழங்கியதும் காதைப் பொத்திக்கொண்டு அலறும் பிள்ளையும், வெறுங்காலோடு வீதி மணலில் இறங்க மறுக்கும் பிள்ளையும் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். குழப்படி என்றும், செல்லம் கொடுத்துப் பழுதாக்கியது என்றும் சொல்லிவிடுகிறோம். இவர்களிற் சிலருக்கு ஒலியையும் தொடுகையையும் மூளை ஒழுங்குபடுத்தும் விதமே வேறு. இவர்களுக்கான புலன் ஒருங்கிணைப்புச் சிகிச்சை நெறி எப்படிப் பிறந்தது, சிகிச்சையாளர்களிடையே எப்படிக் கைமாறுகிறது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. ஏயர்ஸ் வந்த வழி

1920இல் கலிபோர்னியாவில் பிறந்த ஜீன் ஏயர்ஸ், தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் தொழில்வழிச் சிகிச்சை கற்றவர். அவர் முதலில் எடுத்துக்கொண்டது கைகளின் இயக்கத்தைத்தான். கை சொன்னபடி கேளாததற்குத் தசையை மட்டும் குறை சொல்ல முடியாது, உடலிலிருந்து மூளைக்குப் போகும் செய்திகளையும் பார்க்கவேண்டும் என்ற எண்ணம் அவரை மேலும் படிக்கவைத்தது. 1961இல் கல்வி உளவியலில் கலாநிதிப் பட்டம் பெற்றார். பின்னர் லொஸ் ஏஞ்சலிஸ் மூளை ஆய்வு நிறுவனத்தில் நரம்பியலைக் கற்றார். கற்றற் குறைபாடு பற்றிய அவருடைய முதன்மை நூல் 1972இல் வந்தது. டொரன்ஸ் நகரில் சிகிச்சை நிலையம் திறந்து, அங்கேயே மற்றச் சிகிச்சையாளர்களையும் பயிற்றினார். 1988இல் அவர் மறைந்தார். பிள்ளைகளின் புலன் ஒருங்கிணைப்பை அளக்க அவர் உருவாக்கிய 17 சோதனைகளின் தொகுதி அடுத்த ஆண்டுதான் வெளியானது.

3. நெறியின் உள்ளடக்கம்

கண்ணையும் காதையும் விட மூன்று புலன்களுக்கு ஏயர்ஸ் முதலிடம் கொடுத்தார். தொடுகை, உட்காதிலுள்ள சமநிலை உணர்வு, தசையும் மூட்டும் தரும் உணர்வு என்பன அவை. ஊஞ்சல் ஆட்டுவதே சிகிச்சை என்று நினைப்பவர்கள் உண்டு, அது தவறு. பிள்ளை தானே விரும்பி முயலும் விளையாட்டாகச் சிகிச்சை இருக்கவேண்டும். சற்றுக் கடினமான, ஆனாலும் முடியக்கூடிய சவாலைச் சிகிச்சையாளர் அந்தந்தக் கணத்திலேயே அமைக்கவேண்டும். இந்தக் கணிப்பைப் புத்தகத்தில் வாசித்துப் பெறுவது கடினம். அனுபவம் உள்ளவர் பக்கத்தில் நின்று, "இப்போது நிறுத்து, முகத்தைப் பார்" என்று சொல்லித்தரவேண்டும்.

4. சான்று

மிகையான நம்பிக்கை பெற்றோரை ஏமாற்றும் என்பதால் சான்றின் நிலையை நேராகவே சொல்லவேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2012இல் சான்று போதாது என எச்சரித்தது. ஒட்டிசம் உள்ள 32 பிள்ளைகளை வைத்து ரோசன் ஷாஃப் குழுவினர் செய்த ஆய்வில், 30 அமர்வுகளின்பின் பெற்றோருடன் சேர்ந்து வகுத்த இலக்குகளில் முன்னேற்றம் தெரிந்தது. பிரித்தானியாவில் 138 பிள்ளைகளை வைத்து நடந்து, 2022இல் வெளியான ஆய்வோ, எரிச்சலும் கொந்தளிப்புமான நடத்தையில் வழமையான பராமரிப்பை விட மேலான பலனைக் காணவில்லை. என் கணிப்பில், எந்தப் பிள்ளைக்கு, எந்த இலக்குக்கு என்று வரையறுக்காமல் இச்சிகிச்சையைத் தொடங்கக்கூடாது. குறித்த காலத்தில் மாற்றம் தெரியாவிட்டால் நிறுத்தவும் வேண்டும்.

5. யாழ்ப்பாணத்தில் வழிகாட்டல்

சிகிச்சை நெறி பிறழாமல் நடந்ததா என்று அளக்க 2011இல் வெளியான அளவுகோல், சிகிச்சையாளரின் மேலதிகப் பயிற்சியையும் கண்காணிப்பையும் கணக்கில் எடுக்கிறது. எங்களுக்குப் பெரிய இடர் இங்கேதான். மாமரத்தில் ஊஞ்சல் கட்டலாம், கடல்மணல் கொண்டுவரலாம்; மூத்தவரின் கண்ணை விலைக்கு வாங்க முடியாது.

இப்படிக் கூடவைத்துப் பயிற்றுவதற்கு எங்கள் மண்ணிலேயே முன்மாதிரி உண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மாணவரைக் கூடவைத்து மருத்துவம் கற்பித்தார். 1860களில் கற்பித்தலையே தமிழுக்கு மாற்றி, பாடநூல்களையும் தமிழில் ஆக்கினார். அவரிடம் கற்றவர்கள் ஊர்களிலேயே தொழில் செய்தார்கள்.

அதே வழியில், கொழும்பிலோ வேலூரிலோ கற்றுவந்த மூத்த சிகிச்சையாளர் ஒருவருக்கு இளையவர் இருவரையாவது ஒப்படைக்கவேண்டும். அமர்வுகளைப் பெற்றோரின் அனுமதியுடன் பதிவுசெய்து, கிழமைக்கு ஒரு முறை சேர்ந்திருந்து தமிழில் அலசவேண்டும். கோண்டாவில் சிவபூமி போன்ற சிறப்புப் பாடசாலைகளின் ஆசிரியர்களும் அந்த அலசலில் இருக்கவேண்டும். பிள்ளையை நாள் முழுதும் பார்ப்பவர்கள் அவர்கள்தான். மருத்துவமனை நிர்வாகங்கள் இந்த நேரத்தையும் நோயாளரைப் பார்க்கும் வேலை நேரமாகவே கணக்கிடவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.