உடைந்த விமானத்தின் மதிப்பு

போரில் வீழ்ந்த விமானத்தின் உறுப்பைப் பழைய இரும்புக் கடையில் எடைபோட்டால் அலுமினியத்தின் விலையே கிடைக்கும். அஃது எவ்விமானத்தைச் சேர்ந்தது என்று தெளிந்தால் மதிப்பே வேறாகும். அலாஸ்காவின் அக்குத்தான் தீவில் கிடைத்த ஜப்பானிய 'ஜீரோ' போர்விமானம் இதற்குத் தக்க சான்றாம்.

1942 ஜூன் 4ஆம் நாள் டச்சு ஹார்பரைத் தாக்கியபோது அதன் எண்ணெய்க் குழாய் குண்டுபட்டு அறுந்தது. விமானி கோகா, புல்வெளி என்றெண்ணிச் சதுப்பில் இறங்கினார். விமானம் குப்புறக் கவிழ, அவர் மாண்டார். பகைவர் கையில் சிக்காதபடி அதனைச் சுட்டழிப்பது உடன்வந்த இருவரின் கடமை. தோழர் உயிரோடிருக்கக் கூடுமென்று கருதி அவர்கள் சுடாமல் திரும்பினர்.

ஜூலையில் அமெரிக்கர் அதனைக் கண்டெடுத்துச் செப்பனிட்டு, செப்டம்பரில் சான் டியாகோவில் பறக்கவிட்டனர். மூக்கைத் திடீரெனத் தாழ்த்தினால் எஞ்சின் தடுமாறும், மிகு வேகத்தில் பக்கவாட்டில் புரளுவது கடினம், இக்குறைகள் வெளிப்பட்டன. அன்று அதன் மதிப்பு இவ்வறிவே.

1945 பிப்ரவரியில் தரையில் வந்த மற்றொரு விமானத்தின் சுழல்விசிறி அதனைச் சிதைத்தது. எஞ்சிய சில கருவிகள் வாஷிங்டன் கடற்படை அருங்காட்சியகத்தை அடைந்தன. அவற்றால் இனிப் போர்ப்பயன் இல்லை. ஆயினும் 4593 என்னும் தொழிற்சாலை எண்ணுடைய விமானத்தினின்று வந்தவை என அறியப்படுவதால் அவை போற்றப்படுகின்றன. வந்த வழி தெரியாத உறுப்பு வெறும் உலோகம். வழி தெரிந்த உறுப்போ, தோழரைச் சுட மனம் வாராத இருவரின் வரலாற்றையும் நமக்குரைக்கும்.